புதுசா சேர்த்த கம்ப்யூட்டர் ஏன் ஆன் ஆகவில்லை? – சித்தேரி மலையை மனசில் வைத்து எழுதிய குறிப்பு

கடையில் முழுப் பெட்டியாக வாங்கும் கம்ப்யூட்டருக்கும், பாகம் பாகமாக வாங்கி நாமே சேர்க்கும் கம்ப்யூட்டருக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. முதலாவது நம் கைக்கு வரும் முன்பே எங்கேயோ ஒருமுறை ஓட்டிப் பார்க்கப்பட்டது. இரண்டாவது அப்படி இல்லை. மதர்போர்டு ஒரு கம்பெனி, ப்ராசசர் ஒரு கம்பெனி, ரேம் இன்னொரு கம்பெனி, எஸ்.எம்.பி.எஸ் வேறொன்று. தனித்தனியாகச் சோதித்து அனுப்பியிருப்பார்கள். ஆனால் இவை எல்லாம் ஒன்றையொன்று முதன்முதலாகச் சந்திப்பது நம் மேஜை மேல்தான். அதனால் முதல் தடவை பட்டனை அமுக்கும்போது ஒன்றும் நடக்கவில்லை என்றால், பொருளைச் சந்தேகப்படுவதற்கு முன் சேர்த்த விதத்தைச் சந்தேகப்படுவதுதான் நியாயம்.

நகரத்தில் இருப்பவர்களுக்கு இது பெரிய விஷயம் இல்லை. சென்னை என்றால் ரிச்சி ஸ்ட்ரீட், பெங்களூரு என்றால் எஸ்.பி. ரோடு. ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனால் கடைக்காரர் பத்து நிமிடத்தில் வேறு ரேம் போட்டு, வேறு எஸ்.எம்.பி.எஸ் போட்டுப் பார்த்துச் சொல்லிவிடுவார். மாற்றிப் பார்க்க அவரிடம் பொருள் இருக்கிறது. நம்மிடம் இல்லை. சித்தேரி மாதிரி ஊரில் சுத்தமாக இல்லை.

சித்தேரி தர்மபுரி மாவட்டத்தில், சேர்வராயன் மலைக்கும் கல்வராயன் மலைக்கும் நடுவே இருக்கும் கிழக்குத் தொடர்ச்சி மலைப்பகுதி. மலையாளிப் பழங்குடி மக்களின் சின்னச் சின்ன ஊர்கள் மலை முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. கீழே பெரிய ஊர் என்றால் அரூர். அங்கேயும் எல்லா பாகமும் கிடைக்காது. சேலமோ தர்மபுரியோ போக வேண்டும். அங்கிருந்து ஒரு தம்பி போனில் கூப்பிட்டான். சாதிச் சான்று, பட்டா மாறுதல், ஸ்காலர்ஷிப் என்று எதற்கு விண்ணப்பம் போடுவதென்றாலும் ஜனங்கள் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு மலை இறங்க வேண்டியிருக்கிறதே, மேலேயே ஒரு கம்ப்யூட்டரும் பிரிண்டரும் வைத்தால் என்ன என்று கடன் வாங்கிப் பொருள் சேர்த்திருக்கிறான். வீடியோ பார்த்துத் தானே மாட்டியிருக்கிறான்.

"அண்ணா, எல்லாம் புதுச் சாமான். சரியாத்தான் மாட்டினேன். பட்டனை அமுக்கினா ஒரு சத்தமும் இல்ல. மதர்போர்டு போயிடுச்சு போல. பேக் பண்ணி கடைக்கு அனுப்பிடட்டுமா?"

அனுப்ப வேண்டாம் என்றேன். இந்தக் கட்டுரை அந்தப் போன் பேச்சின் விரிவான வடிவம். "இதை மாத்திப் பாரு, அதை மாத்திப் பாரு" என்கிற பட்டியல் இணையத்தில் நிறைய இருக்கிறது. மாற்றிப் பார்க்க வேறு பாகம் இல்லாதவனுக்கு அந்தப் பட்டியலால் பிரயோஜனம் இல்லை. அவனுக்குத் தேவை, உள்ளே என்ன வரிசையில் என்ன நடக்கிறது என்கிற புரிதல். அது இருந்தால் ஒரு ஸ்குரூ டிரைவரும் ஒரு மல்டிமீட்டரும் போதும்.

பட்டன் என்ன செய்கிறது?

பழைய கம்ப்யூட்டர்களில் முன்பக்க சுவிட்ச் நிஜமாகவே கரண்டை வெட்டி இணைக்கும் சுவிட்ச். வீட்டு லைட் சுவிட்ச் மாதிரி. 230 வோல்ட் அதன் வழியாகவே ஓடும். 1995-ல் இன்டெல் கொண்டுவந்த ஏ.டி.எக்ஸ் என்கிற அமைப்பு இதை மாற்றிவிட்டது. இன்றைக்கு நாம் சேர்க்கும் டெஸ்க்டாப்புகள் பெரும்பாலும் அந்த வழியில்தான் இயங்குகின்றன.

ஏ.டி.எக்ஸில் முன்பக்கப் பட்டன் எந்தக் கரண்டையும் இணைப்பதில்லை. காலிங் பெல் பட்டன் மாதிரி மதர்போர்டுக்கு ஒரு தகவல் மட்டும் சொல்கிறது. அதற்கப்புறம் நடப்பதெல்லாம் வரிசையாக நடக்கிறது:

1. சுவரில் சுவிட்ச் போட்டதும் எஸ்.எம்.பி.எஸ் ஒரே ஒரு சின்ன வோல்டேஜை மட்டும் தருகிறது. ஸ்டாண்ட்பை 5 வோல்ட். பட்டனை அமுக்காவிட்டாலும் இது எப்போதும் இருக்கும்.

2. அந்த 5 வோல்ட்டில் மதர்போர்டின் ஒரு சிறு பகுதி விழித்துக்கொண்டு பட்டனுக்காகக் காத்திருக்கிறது.

3. பட்டனை அமுக்கினால் இரண்டு பின்கள் ஒரு நொடி ஒன்றோடொன்று தொடுகின்றன.

4. மதர்போர்டு, 24 பின் கனெக்டரில் இருக்கும் பச்சை ஒயரைக் கீழே இழுத்து, அதாவது கிரவுண்டோடு சேர்த்து, "இப்போ முழுசா ஆன் ஆகு" என்று எஸ்.எம்.பி.எஸ்-க்குச் சொல்கிறது.

5. எஸ்.எம்.பி.எஸ் 12, 5, 3.3 வோல்ட்டுகளை எழுப்புகிறது. எல்லாம் நிலையாக நின்றதும், சாம்பல் நிற ஒயர் வழியாக "கரண்ட் சரியா இருக்கு" என்று பதில் சொல்கிறது. இதற்கு அரை நொடிக்கும் குறைவான நேரமே ஆகும்.

6. அந்தப் பதில் வந்த பிறகுதான் ப்ராசசர் விடுவிக்கப்படுகிறது. அது பயாஸைப் படித்து, ரேமைச் சோதித்து, கிராஃபிக்ஸைத் தேடி, கடைசியில் திரையில் படம் காட்டுகிறது. இந்தச் சுயபரிசோதனைக்குத்தான் போஸ்ட் என்று பெயர். 1981-ல் வந்த முதல் ஐ.பி.எம் பி.சி-யிலேயே இது உண்டு. எல்லாம் சரி என்றால் ஒரு குட்டி பீப் அடிக்கும்.

இந்த ஆறு படியும் மனசில் இருந்தால் வேலை சுலபம். "ஏன் ஆன் ஆகல?" என்று மொட்டையாகக் கேட்காமல் "எந்தப் படி வரைக்கும் வந்திருக்கு?" என்று கேளுங்கள். ஒவ்வொரு படியும் ஒரு தடயம் விட்டுவிட்டுத்தான் போகும்.

ஒன்றுமே இல்லை: சுவரிலிருந்து ஆரம்பியுங்கள்

பிளக் சொருகியிருக்கிறதா, எஸ்.எம்.பி.எஸ் பின்னால் இருக்கும் குட்டி சுவிட்ச் கோடு போட்ட பக்கம் இருக்கிறதா? சிரிக்காதீர்கள். புது எஸ்.எம்.பி.எஸ் பல சமயம் வட்டம் போட்ட பக்கம், அதாவது ஆஃப் நிலையில்தான் பெட்டியிலிருந்து வெளியே வரும்.

அடுத்து ஜங்ஷன் பாக்ஸ், யு.பி.எஸ், ஸ்டெபிலைசர் எல்லாவற்றையும் விலக்கிவிட்டு நேராகச் சுவர் பிளக்கில் மாட்டிப் பாருங்கள். 600 வி.ஏ என்று எழுதியிருக்கும் சாதாரண யு.பி.எஸ் தருவது ஏறக்குறைய 360 வாட்தான். கிராஃபிக்ஸ் கார்டு போட்ட சிஸ்டம், மானிட்டர், பிரிண்டர் மூன்றையும் அதன் தலையில் கட்டினால் அது மூச்சு முட்டி நின்றுவிடும். லேசர் பிரிண்டரை எந்த வீட்டு யு.பி.எஸ்-இலும் மாட்டாதீர்கள், சூடாகும்போது அது இழுக்கும் கரண்ட் ரொம்ப அதிகம்.

லோ வோல்டேஜ் இருக்கும் ஊர் என்றால் எஸ்.எம்.பி.எஸ் மேலே ஒட்டியிருக்கும் லேபிளைப் படியுங்கள். "100–240" என்று இருந்தால் வோல்டேஜ் 160-க்கு இறங்கினாலும் தாங்கும். விலை குறைந்தவற்றில் "200–240" என்று இருக்கும். சாயங்காலம் எல்லா வீட்டிலும் லைட் போடும் நேரத்தில் வோல்டேஜ் 170-க்கு வந்தால் அது எழுந்திருக்காமலே போகலாம். காலையில் ஓடுகிறது, ராத்திரியில் ஓடவில்லை என்றால் முதல் சந்தேகம் இதன்மேல்தான். பழைய மாடல்களில் 115/230 என்று சிவப்பு நிறத்தில் நகர்த்தும் சுவிட்ச் ஒன்று இருக்கும். நம் நாட்டில் அது 230-ல்தான் இருக்க வேண்டும். 115-ல் வைத்துக் கரண்ட் கொடுத்தால் வெடிச்சத்தத்தோடு கதை முடிந்துவிடும்.

உள்ளே ஒரு சின்ன வெளிச்சம்

சுவிட்ச் போட்டாச்சு, பட்டனை இன்னும் அமுக்கவில்லை. இப்போது மதர்போர்டில் எங்கேயாவது ஒரு குட்டி எல்.இ.டி எரிகிறதா? எல்லா போர்டிலும் இருக்காது. இல்லாவிட்டால் யு.எஸ்.பி மவுஸைச் சொருகி அடியில் வெளிச்சம் தெரிகிறதா பாருங்கள். சில போர்டுகள் ஸ்டாண்ட்பை நிலையிலும் யு.எஸ்.பி-க்குக் கரண்ட் தரும். நிச்சயமாகத் தெரிய வேண்டுமென்றால் மல்டிமீட்டரை டி.சி 20 வோல்ட்டில் வைத்து, 24 பின் கனெக்டரின் பின்பக்கமாக, ஊதா நிற ஒயரில் சிவப்பு முனையையும் ஏதாவது ஒரு கறுப்பு ஒயரில் கறுப்பு முனையையும் வையுங்கள். 4.75-க்கும் 5.25-க்கும் நடுவில் காட்டினால் நல்லது. ஒயர் எல்லாமே கறுப்பாக இருக்கும் மாடல் என்றால் ஊதா ஒயரின் இடம் 9-ஆவது பின்.

இது இருக்கிறதென்றால் சுவர், பிளக், எஸ்.எம்.பி.எஸ்-இன் முதல் பாதி எல்லாம் சரி. இல்லையென்றால் மதர்போர்டைத் தொடவே வேண்டாம்; 24 பின்னைக் கழற்றிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். கழற்றினால் 5 வோல்ட் வருகிறது, மாட்டினால் போகிறது என்றால் போர்டுப் பக்கம் ஷார்ட். கழற்றியும் வரவில்லையென்றால் எஸ்.எம்.பி.எஸ் அவுட்.

தம்பியின் போர்டில் லைட் எரிந்தது. அதாவது, "போயிடுச்சு" என்று அவன் பயந்த போர்டு உயிரோடு பட்டனுக்காகக் காத்துக்கொண்டிருந்தது.

பட்டனைத் தாண்டிப் போவது

கேபினட்டின் முன்பக்கத்திலிருந்து வரும் மெல்லிய ஒயர்கள்தான் புதிதாகச் சேர்ப்பவர்களைப் படுத்தி எடுப்பவை. போர்டின் கீழ் ஓரத்தில் ஒன்பது பின் கொண்ட இரட்டை வரிசை இருக்கும். இன்டெல் வகுத்த வரிசைப்படி 6, 8-ஆவது பின்கள் பவர் சுவிட்ச். 5, 7 ரீசெட். 2, 4 பவர் லைட். 1, 3 ஹார்ட் டிஸ்க் லைட். நிறைய போர்டுகள் இதையே பின்பற்றுகின்றன. ஆனாலும் உங்கள் போர்டின் கையேட்டைப் பார்ப்பதே சரி. சுவிட்ச் ஒயருக்குப் பிளஸ், மைனஸ் கிடையாது. எப்படி மாட்டினாலும் வேலை செய்யும். லைட் ஒயருக்கு உண்டு. மாற்றி மாட்டினால் லைட் எரியாது, அவ்வளவுதான், ஒன்றும் கெடாது.

சோதனை எளிது. முன்பக்க ஒயர்களை மொத்தமாக உருவிவிடுங்கள். ஸ்குரூ டிரைவர் முனையால் அந்த இரண்டு பவர் பின்களை மட்டும் ஒரு நொடி சேர்த்துத் தொடுங்கள். அங்கே ஓடுவது மிகச் சிறிய வோல்டேஜ், ஷாக் அடிக்காது. பக்கத்துப் பின்களில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இதில் ஆன் ஆகிவிட்டால் பிரச்சினை பட்டனில் அல்லது அதன் ஒயரில். ரீசெட் பட்டன் ஒயரைப் பவர் பின்னில் மாட்டிவிட்டு வருஷக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் உண்டு.

தம்பி ஒயரை ஒரு பின் தள்ளி மாட்டியிருந்தான். அதனால்தான் பட்டனுக்கு அசைவே இல்லை. ஸ்குரூ டிரைவரால் சரியான பின்களைத் தொட்டதும் ஃபேன் அரைச் சுற்று சுற்றி நின்றது.

"ஆச்சுண்ணா... இல்லண்ணா, நின்னுடுச்சு."

இங்கேதான் பலர் மனசு உடைந்து போகிறார்கள். உண்மையில் இது முன்னேற்றம். நான்காம் படி தாண்டி ஐந்துக்குள் வந்துவிட்டது. ஒரே நேரத்தில் இரண்டு கோளாறு இருக்கலாம் என்பதையும் இது காட்டுகிறது. முதல் கோளாறைச் சரிசெய்தால்தான் இரண்டாவது கண்ணுக்கே தெரியும்.

அரைச் சுற்று சுற்றி நின்றால்

எஸ்.எம்.பி.எஸ் கரண்டை எழுப்பிப் பார்க்கிறது, எங்கேயோ அளவுக்கு மீறி இழுக்கிறது என்று உணர்ந்து உடனே வெட்டிக்கொள்கிறது. அது கெட்டுப்போனதற்கு அடையாளம் இல்லை; தன் கடமையைச் செய்கிறது. ஒருமுறை வெட்டிக்கொண்டால் பல எஸ்.எம்.பி.எஸ்-கள் சுவர் சுவிட்சை அணைத்து, அரை நிமிடம் விட்டு, மறுபடி போடும் வரை அடுத்த முயற்சிக்கே மசியாது. ஆகவே ஒவ்வொரு சோதனைக்கும் நடுவில் சுவரில் அணைத்துப் போடுங்கள். இல்லாவிட்டால் சரியான மாற்றத்தைச் செய்த பிறகும் "ஒன்னும் ஆகலையே" என்று ஏமாந்து போவீர்கள்.

புதிதாகச் சேர்த்த மெஷினில் இதற்கு முக்கியமான காரணங்கள் மூன்று.

முதலாவது, மதர்போர்டுக்கு அடியில் இருக்கும் பித்தளை ஸ்டாண்ட்ஆஃப். கேபினட்டில் பெரிய போர்டு, சின்ன போர்டு எல்லாவற்றுக்கும் பொருந்துகிற மாதிரி துளைகள் இருக்கும். போர்டில் துளை இல்லாத இடத்தில் ஒரு ஸ்டாண்ட்ஆஃப் நின்றால், அது போர்டின் அடியில் இருக்கும் ஈயப் பற்றில் முட்டி ஷார்ட் ஆக்கிவிடும். விழுந்து தொலைந்த ஒரு ஸ்குரூவும் இதே வேலையைச் செய்யும்.

இரண்டாவது, தப்பான எட்டுப் பின் கேபிள். ப்ராசசருக்கான எட்டுப் பின் நாலு நாலாகப் பிரியும். கிராஃபிக்ஸ் கார்டுக்கான எட்டுப் பின் ஆறும் இரண்டுமாகப் பிரியும். பார்க்க ஒன்று போலவே இருக்கும், ஆனால் 12 வோல்ட்டும் கிரவுண்டும் இடம் மாறியிருக்கும். சாதாரணமாக மாறி நுழையாது. பலம் போட்டு அமுக்கினால் நுழைந்துவிடும். எதையும் பலம் போட்டு அமுக்காதீர்கள். ரேம் ஒன்றுக்குத்தான் கொஞ்சம் அழுத்தம் வேண்டும்.

மூன்றாவது, கழற்றி மாட்டும் கேபிள் கொண்ட எஸ்.எம்.பி.எஸ்-இல் வேறொரு எஸ்.எம்.பி.எஸ்-இன் கேபிளைப் போடுவது. போர்டுப் பக்கம் உள்ள கனெக்டருக்குப் பொது விதி உண்டு, எஸ்.எம்.பி.எஸ் பக்கம் அப்படி ஒரு விதி கிடையாது, கம்பெனிக்குக் கம்பெனி மாறும். நண்பர் வீட்டில் கிடந்த கேபிள் அப்படியே பொருந்துகிறதே என்று போட்டால் ஹார்ட் டிஸ்க் புகைந்து போகலாம்.

கண்டுபிடிக்கும் வழி: போர்டைக் கேபினட்டிலிருந்து வெளியே எடுத்து, அது வந்த அட்டைப் பெட்டியின் மேல் வையுங்கள். அந்த வெள்ளி நிற உறையின் மேல் வைக்காதீர்கள். அந்த உறைகள் ஓரளவு மின்சாரம் கடத்தக்கூடியவை. ப்ராசசர், அதன் ஃபேன், ஒரே ஒரு ரேம், 24 பின், எட்டுப் பின். இவை மட்டும் போதும். ஹார்ட் டிஸ்க், முன்பக்க யு.எஸ்.பி ஒன்றும் வேண்டாம். ப்ராசசரில் சொந்தமாக கிராஃபிக்ஸ் இருந்தால் கார்டும் வேண்டாம். இப்போது பின்களைத் தொடுங்கள்.

சித்தேரியில் அட்டைப் பெட்டி மேல் வைத்ததும் ஃபேன் நிற்காமல் சுற்றியது. பிரச்சினை கேபினட்டில்தான் என்பது உறுதி. டார்ச் அடித்துப் பார்க்கச் சொன்னேன். அவனுடையது சின்ன மதர்போர்டு. கேபினட்டோடு வந்த ஸ்டாண்ட்ஆஃப்களில் ஒன்று, பெரிய போர்டுக்கான இடத்தில், இவன் போர்டுக்கு நடு வயிற்றில் நின்றுகொண்டிருந்தது. அதைக் கழற்றி எடுத்தான். செலவு பூஜ்யம்.

அந்த மதர்போர்டைக் கடைக்கு அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கடைக்காரர் மேஜை மேல் வைத்து ஓட்டிப் பார்ப்பார். ஓடும். "நல்லாத்தானே இருக்கு" என்று திருப்பி அனுப்புவார். கூரியர் காசு, பஸ் காசு, பல நாள் காத்திருப்பு. வந்த போர்டை அதே ஸ்டாண்ட்ஆஃப் மேல் மறுபடி மாட்டுவான். மறுபடி ஓடாது. கடைக்காரர் ஏமாற்றுகிறார் என்று இவனும், இவனுக்கு மாட்டத் தெரியவில்லை என்று அவரும் சொல்லிக்கொண்டிருப்பார்கள். நடுவில் கடன் வட்டி மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.

ஃபேன் சுற்றுகிறது, டிஸ்ப்ளே வரவில்லை

இது ஆறாம் படி. கரண்ட் பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்தது. பார்க்க வேண்டியவை இந்த வரிசையில்:

எட்டுப் பின் ப்ராசசர் கேபிள். 24 பின் மட்டும் மாட்டினால் ஃபேன் எல்லாம் ஜோராகச் சுற்றும்; ப்ராசசருக்குச் சோறு கிடைக்காது.

மானிட்டர் கேபிள். இன்டெல் ப்ராசசர் பெயரின் கடைசியில் எஃப் என்ற எழுத்து இருந்தால் அதில் கிராஃபிக்ஸ் இல்லை. ஏ.எம்.டி-யில் ரைசன் 5 5600-ல் இல்லை, 5600ஜி-யில் உண்டு. இல்லாத ப்ராசசரைப் போட்டுவிட்டு போர்டின் ஹெச்.டி.எம்.ஐ-யில் மானிட்டரை மாட்டினால் பொழுது விடியும் வரை படம் வராது. கார்டு வாங்கித்தான் ஆக வேண்டும். கார்டு இருந்தால் மானிட்டர் கேபிள் அந்தக் கார்டில் மாட்டப்பட வேண்டும்.

ரேம். நாலு ஸ்லாட் போர்டில் ஒரே ரேம் என்றால் ப்ராசசர் பக்கத்திலிருந்து இரண்டாவது ஸ்லாட்டில் போடச் சொல்வதுதான் பல கையேடுகளில் வழக்கம். இரண்டு ஓரமும் 'டக்' என்று சத்தம் வரும் வரை அழுத்துங்கள். டி.டி.ஆர்.5 ரேம் என்றால் முதல் தடவை மட்டும் பொறுமை வேண்டும். போர்டு ரேமோடு பேசிப் பழகி, எந்த வேகத்தில் எந்த நேரக்கணக்கில் ஒத்துப்போகும் என்று அளந்துகொள்ளும். சில நிமிடங்கள் திரை கறுப்பாகவே இருக்கலாம். பயந்துபோய் நடுவில் அணைத்தால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். சுவரில் போட்டுவிட்டு கால் மணி நேரம் அந்தப் பக்கம் போய் வாருங்கள்.

பயாஸ். போர்டு ப்ராசசரை விட வயதில் மூத்தது என்றால், அந்தப் புது ப்ராசசரை அதற்கு அடையாளமே தெரியாமல் இருக்கலாம். 2018 பிப்ரவரியில் ஏ.எம்.டி-யின் ரைசன் 2200ஜி, 2400ஜி வந்தபோது உலகம் முழுக்க இந்தக் கூத்து நடந்தது. சாக்கெட் பொருந்தியது, கடையில் இருந்த பல போர்டுகளின் பயாஸ் பழசு. பயாஸைப் புதுப்பிக்க வேண்டுமென்றால் கம்ப்யூட்டர் ஓட வேண்டும். ஓட வேண்டுமென்றால் பயாஸைப் புதுப்பிக்க வேண்டும். கடைசியில் ஏ.எம்.டி, கேட்டவர்களுக்கு ஒரு பழைய ப்ராசசரை இரவல் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொண்டது. இப்போது பல போர்டுகளில் ப்ராசசரே இல்லாமல் பென் டிரைவிலிருந்து பயாஸைப் புதுப்பிக்கும் பட்டன் பின்பக்கம் இருக்கிறது. மலை ஊரில் இருப்பவர்கள் போர்டு வாங்கும்போதே இந்த வசதி இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது புத்திசாலித்தனம்.

புது போர்டுகளில் ஓரத்தில் சி.பி.யூ, டிராம், வி.ஜி.ஏ, பூட் என்று நான்கு குட்டி லைட்டுகள் இருக்கும். எதில் எரிந்து நிற்கிறதோ அங்கேதான் சிக்கல். அது இல்லாத போர்டு என்றால் சின்ன பீப் ஸ்பீக்கர் ஒன்றை வாங்கி மாட்டி வையுங்கள். ஒரு ரேமும் போடாமல் ஆன் செய்தால் பெரும்பாலான போர்டுகள் அதில் கத்தும். கத்தினால் போர்டும் ப்ராசசரும் உயிரோடு இருக்கின்றன என்று அர்த்தம். ஸ்பேர் பாகம் எதுவும் இல்லாதவனுக்கு இது அருமையான சோதனை.

எஸ்.எம்.பி.எஸ்-ஐத் தனியாகப் பார்ப்பது

சுவர் சுவிட்சை அணைத்து, எல்லாக் கனெக்டர்களையும் போர்டிலிருந்தும் டிஸ்கிலிருந்தும் கழற்றுங்கள். 24 பின்னில் பச்சை ஒயரையும் (16-ஆவது) பக்கத்துக் கறுப்பு ஒயரையும் (17-ஆவது) ஒரு பேப்பர் கிளிப்பால் இணையுங்கள். கையை எடுத்துவிட்டு சுவிட்சைப் போடுங்கள். ஃபேன் சுற்ற வேண்டும். சில நல்ல மாடல்களில் சூடு ஏறும் வரை ஃபேன் சுற்றாது. அதனால் மீட்டரை நம்புங்கள். மஞ்சள் ஒயரில் 11.4 முதல் 12.6 வரை, சிவப்பில் 4.75 முதல் 5.25 வரை, ஆரஞ்சில் 3.14 முதல் 3.47 வரை இருக்கலாம்.

ஒன்றை மறக்கக் கூடாது. இந்தச் சோதனையில் தேறாதது நிச்சயம் கெட்டது. தேறியது நல்லது என்று அடித்துச் சொல்ல முடியாது. பாரம் ஏற்றும்போது படுத்துக்கொள்வதும் உண்டு. அப்புறம், எஸ்.எம்.பி.எஸ் பெட்டியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் திறக்காதீர்கள். உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டர் 300 வோல்ட்டுக்கு மேல் தேக்கி வைத்திருக்கும். பிளக்கை உருவிய பிறகும் அது உயிரை வாங்கும்.

எர்த், ஈரம், இடி

கேபினட்டைத் தொட்டால் சுருக்கென்று ஷாக் அடிக்கிறதா? எஸ்.எம்.பி.எஸ் கோளாறு என்று முடிவு கட்டாதீர்கள். அதன் உள்ளே இரைச்சலை வடிகட்ட, இரண்டு மின் கம்பிகளிலிருந்தும் எர்த்துக்குச் சின்னக் கெப்பாசிட்டர்கள் போட்டிருப்பார்கள். வீட்டில் எர்த் இல்லாவிட்டால் கேபினட் பாதி வோல்டேஜில், அதாவது ஏறக்குறைய 115 வோல்ட்டில் தொங்கும். கரண்ட் மிகக் குறைவு என்பதால் சுருக்கென்பதோடு நிற்கும். இதற்கு வைத்தியம் எர்த்தில்தான். பாறை மண்ணில் எர்த் பிடிப்பது கஷ்டம்; அதனால்தான் பழைய ஆட்கள் குழி வெட்டிக் கரியும் உப்பும் போட்டுத் தண்ணீர் ஊற்றச் சொல்வார்கள். சோதிக்க, எலெக்ட்ரீஷியனை வைத்து பேஸுக்கும் எர்த்துக்கும் அளக்கச் சொல்லுங்கள். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் வருவதற்குக் கிட்டத்தட்ட சமமாக வர வேண்டும். ரொம்பக் குறைந்தால் மூன்றாவது துளை வெறும் அலங்காரம். மூன்று பின் பிளக்கின் பெரிய பின்னை வெட்டிவிட்டு இரண்டு பின்னில் சொருகும் பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள்.

குளிர்ந்த பொருளைக் கதகதப்பான அறைக்குள் கொண்டுவந்ததும் அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத ஈரம் படியும். பனிக்காலத்தில் பஸ்ஸில் வந்த பெட்டியை உடனே பிரித்துக் கரண்ட் கொடுக்காமல் சில மணி நேரம் அப்படியே வையுங்கள். இடி மின்னல் நேரத்தில் சுவிட்சை அணைத்தால் போதாது. பிளக்கை உருவுங்கள், நெட் கேபிளையும் உருவுங்கள்.

உண்மையிலேயே பொருள் கெட்டிருந்தால்

எல்லாப் படியும் பார்த்தாயிற்று, குற்றவாளி போர்டுதான் அல்லது எஸ்.எம்.பி.எஸ்-தான் என்று தெரிந்துவிட்டது. அனுப்புவதற்கு முன் ப்ராசசர் சாக்கெட்டை நல்ல வெளிச்சத்தில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். இன்றைய இன்டெல் போர்டுகளிலும், 2022-ல் வந்த ஏ.எம்.டி-யின் ஏ.எம்.5 போர்டுகளிலும் மெல்லிய பின்கள் சாக்கெட்டில்தான் இருக்கின்றன. ஒன்று வளைந்திருந்தாலும் வாரண்டி கிடையாது என்று சொல்வார்கள். வழியில் வளைந்தாலும் பழி உங்கள் மேல்தான். பிளாஸ்டிக் மூடியை மறக்காமல் சாக்கெட் மேல் மாட்டி அனுப்புங்கள். அந்த மூடியைத் தூக்கிப் போடாமல் வைத்திருப்பது இதற்காகத்தான். பில், சீரியல் நம்பர் தெரியும் போட்டோ, செய்த சோதனைகள், மீட்டர் காட்டிய எண்கள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி உள்ளே வையுங்கள். "ஆன் ஆகல" என்று எழுதுவதற்கும் "ஸ்டாண்ட்பை 5.02 இருக்கு, அட்டை மேல் வைத்தும் பச்சை ஒயர் இறங்கவில்லை" என்று எழுதுவதற்கும் கிடைக்கும் மரியாதையே வேறு.

கடைக்காரர் இழுத்தடித்தால் கேட்க இடம் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் அமலுக்கு வந்தது. அதன்படி பொருள் சென்னையில் வாங்கினாலும் பெங்களூரில் வாங்கினாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, சித்தேரிக்காரர் என்றால் தர்மபுரி மாவட்டத்துக்கான நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. இரண்டு வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசிப் பாருங்கள். பல சிக்கல்கள் அங்கேயே முடிந்துவிடும். எல்லாவற்றுக்கும் பில் வேண்டும். "பில் இல்லாம 500 ரூபா கம்மி" என்று சொல்பவரிடம் மதர்போர்டு வாங்காதீர்கள்.

கடைசியாக ஒரு யோசனை. அடுத்த தடவை யாராவது புதிதாகச் சேர்த்தால், எல்லாவற்றையும் கேபினட்டுக்குள் திருகி முடித்த பிறகு பட்டனை அமுக்க வேண்டாம். முதலில் அட்டைப் பெட்டி மேல் வைத்து, ஒரே ஒரு ரேமோடு, திரையில் பயாஸ் வரும் வரை ஓட்டிப் பாருங்கள். கால் மணி நேர வேலை. அதற்கப்புறம் கேபினட்டில் மாட்டி ஓடவில்லை என்றால் பாகங்களைச் சந்தேகப்படவே வேண்டாம். மாட்டிய விதத்தை மட்டும் பார்த்தால் போதும். மேலே சொன்ன சோதனைகளில் பாதி தேவைப்படாது.

வேறு விதமான கோளாறு பார்த்தவர்கள், எந்தப் படியில் நின்றது, எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று எழுதுங்கள். மலை மேல் தனியாக உட்கார்ந்து மல்லாடும் இன்னொருவருக்கு உதவும்.